வாய்ப் புண்களை வாசித்த வைத்தியர்: வசந்த் ராம்ஜி கானோல்கர் (1895–1978)

எல்கடுவையில் வயது முதிர்ந்தவர்கள் இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் வெற்றிலை கண்ணில் படும். எங்கள் வீடுகளில் அது பித்தளைத் தட்டத்தில் இருக்கும். தேயிலைத் தோட்ட லயன்களில் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் இருக்கும். சிங்கள அயலவர் வீடுகளில் புது வருடத்தன்று பெரியவர்களின் கையில் கொடுத்து வணங்கும் வெற்றிலைக் கட்டாக இருக்கும். வைக்கும் இடம் வேறானாலும் வாய்க்குள் போவது ஒன்றுதான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை.

மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குக் குளிரும் பசியும் தெரியாமலிருக்க அதுவே துணை. என் உம்மும்மாவுக்கும் அது பல வருடத்துப் பழக்கம். சென்ற வருடம் பல் வலிக்கென்று அவரைக் கூட்டிச் சென்றபோது, இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருப்பதைப் பல் வைத்தியர் கண்டார். துடைத்தும் அது போகவில்லை. சிறு துண்டு ஒன்றை எடுத்துப் பயொப்சி செய்ய வேண்டும் என்று எழுதித் தந்தார்.

வீட்டில் இரண்டு வாரம் அதே பேச்சுத்தான். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்றார் சாச்சி. எழுபது வயதுக்குப் பிறகு எதற்கு இந்த வேதனை என்றார் மாமா. உம்மும்மா ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். பயொப்சி என்றால் என்ன, ஒரு சிறு துண்டிலிருந்து வைத்தியர்கள் எதைத்தான் கண்டுகொள்கிறார்கள் என்று அந்த நாட்களில் தேடத் தொடங்கியபோதுதான் கானோல்கர் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. நமது பக்கத்து நாட்டில், நம்மைப் போலவே வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் மக்களிடையே வேலை செய்து, வாயில் வரும் நோய்களுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டவர் அவர்.

இளமையும் கல்வியும்

வசந்த் ராம்ஜி கானோல்கர் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி பிறந்தார். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு டெண்டுல்கர், கவாஸ்கர் என்ற பெயர்கள் தெரியும். மராத்தி பேசும் மக்களிடையே இப்படிக் கர் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் பூர்வீக ஊரைக் குறிப்பவை. கானோல்கர் என்பதும் அப்படியான ஒரு பெயர்தான்.

அவர் பிறந்த மறு ஆண்டே பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அங்குள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையில் இருந்து அதற்குத் தடுப்பூசி தயாரித்தார். பிளேக், கொலரா, மலேரியா, அம்மை என்று தொற்றுநோய்கள் கூட்டங் கூட்டமாக மக்களைக் கொண்டுபோன காலம் அது. புற்றுநோயைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது பணக்கார மேல் நாடுகளின் நோய், இந்தியர்களுக்கு அரிதாகவே வரும் என்ற எண்ணம் வைத்தியர்களிடமும் இருந்தது.

கானோல்கர் இங்கிலாந்து சென்று இலண்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1923இல் நோயியலில் எம்.டி. பட்டம் பெற்றார். நோயியல் என்பது நோயாளியின் உடலிலிருந்து கிடைக்கும் இரத்தம், இழையம் முதலியவற்றை ஆராய்ந்து நோயின் காரணத்தையும் தன்மையையும் கண்டறியும் துறை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் வார்டைச் சுற்றி வரும் வைத்தியரைத்தான் நோயாளிகள் அறிவார்கள். நோயியலாளர் பின்னறையில் இருப்பவர். அவருடைய முகத்தைப் பெரும்பாலான நோயாளிகள் ஒருநாளும் காண்பதில்லை. சம்பாதிக்கும் வழிகள் வேறு இருந்தும் இந்தப் பின்னறையைத்தான் கானோல்கர் தேர்ந்துகொண்டார்.

நாடு திரும்பியவர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியிலும் நோயியல் கற்பித்தார். 1926இல் தொடங்கிய இந்த இரண்டாவது கல்லூரிக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்குப் பணம் கொடுத்தவர்கள், இங்கே கற்பிப்போர் இந்தியர்களாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தனர். உயர் பதவிகளெல்லாம் வெள்ளையருக்கே என்றிருந்த ஆட்சியில் அது துணிச்சலான காரியம். இந்தியர்களாலும் உயர்ந்த தரத்தில் கற்பிக்கவும் ஆராயவும் முடியும் என்பதை அங்கே இருந்தவர்கள் தங்கள் வேலையால் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு துண்டை எப்படி வாசிப்பது?

கானோல்கர் செய்ததை விளங்கிக்கொள்ளப் பயொப்சி பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். மற்றவர்களுக்கும் கடினமானதல்ல.

நோய் என்பது உடல் முழுவதையும் பிடிக்கும் ஏதோ ஒன்று அல்ல, அது கலங்களில் ஏற்படும் மாற்றம் என்பதை 1858இல் ஜேர்மனிய வைத்தியர் ருடோல்ப் வேர்ச்சோ தமது விரிவுரைகளில் நிலைநாட்டினார். உயிருள்ளவரின் உடலிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதற்கு 1879இல் பிரான்சின் தோல் நோய் வைத்தியர் ஏர்னெஸ்ட் பெஸ்னியே பயொப்சி என்று பெயர் வைத்தார். உயிர், பார்வை என்ற பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

வாயில் பயொப்சி செய்வது சில நிமிட வேலை. பல் பிடுங்கும்போது போடுவதைப் போன்ற விறைப்பூசி போட்டு, பயறு அளவில் ஒரு துண்டு எடுப்பார்கள். முடிந்தவரை நோயுள்ள பகுதியும் அதை ஒட்டிய நல்ல பகுதியும் சேர்ந்து வருமாறு எடுப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? துண்டு அழுகாமலிருக்க அதைப் போர்மலின் திரவத்தில் இடுவார்கள். பின்னர் நீரை அகற்றி, உருகிய மெழுகில் பதித்து, கட்டியானதும் மிக மெல்லிய சீவல்களாக அரிவார்கள். ஒரு சீவலின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 200இல் ஒரு பங்கு. அதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி இரண்டு சாயங்களில் நனைப்பார்கள். ஒன்று மரத்திலிருந்து எடுக்கப்படும் ஹீமட்டொக்சிலின். அது கலங்களின் கருவை ஊதா நீலமாக்கும். மற்றது இயோசின். அது ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும்.

இனி நுணுக்குக்காட்டியின் கீழே பார்க்கலாம். நல்ல வாய்த்தோலில் மேலணிக் கலங்கள் செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாக இருக்கும். அடி வரிசைக்குக் கீழே வயலின் வரப்பைப் போல ஒரு மென்படை எல்லை வகுக்கும். நோய் தொடங்கும்போது முதலில் வரிசை குலையும். கருக்கள் பெரிதாகிக் கருமையாகும். ஒன்றுக்கொன்று அளவும் உருவமும் பொருந்தாது. இவையெல்லாம் எச்சரிக்கைகள். இந்தக் கட்டத்திலும் அது புற்றுநோய் அல்ல. குழம்பிய கலங்கள் வரப்பை உடைத்துக் கீழே இறங்கிவிட்டால்தான் அதைப் புற்றுநோய் என்பார்கள். வரப்புக்கு மேலா கீழா என்பதை வெளியிலிருந்து எவ்வளவு அனுபவமுள்ள கண்ணாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஒரு பயறு அளவு இழையம் கேட்கிறார்கள்.

பரேலில் ஒரு புதிய வைத்தியசாலை

1930களின் தொடக்கத்தில் டாட்டா குடும்பத்தைச் சேர்ந்த மெஹர்பாய் அம்மையார் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வெளிநாட்டிலும் அவருக்குச் சிகிச்சை அளித்தும் பலனில்லை. அவரது கணவர் சேர் டோராப்ஜியும் சிறிது காலத்தில் காலமானார். செல்வர்களுக்கே இந்த நிலை என்றால் ஏழைகளின் கதி என்ன என்று எண்ணிய அவர்களது அறக்கட்டளை, பம்பாயின் பரேல் பகுதியில் புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலையைக் கட்டியது. பஞ்சாலைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. 1941ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி டாட்டா நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதன் ஆய்வுகூடங்களைப் பொறுப்பேற்றவர் கானோல்கர். அப்போது அவருக்கு 45 வயது.

உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் பரேலுக்கு நோயாளிகள் ரயிலேறி வந்தனர். குஜராத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் வந்தனர். வந்தவர்களில் பெருந்தொகையானோர் வாயிலும் தொண்டையிலும் நோய் கண்டவர்கள். இந்தியர்களுக்குப் புற்றுநோய் அரிது என்ற பழைய எண்ணம் அந்த வரிசையைப் பார்த்தாலே பொய்த்துப்போகும்.

தென்னாட்டில் இதை முன்பே கண்டவர்கள் இருந்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இருந்த மிஷன் வைத்தியசாலையின் வைத்தியர் பென்டல், திருவிதாங்கூரில் கண்ட 1700 புற்றுநோயாளர் பற்றி 1908இல் எழுதியிருந்தார். அதே நெய்யூரிலிருந்து வைத்தியர் ஓர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933இல் எழுதினார். அக்காலத்தில் திருவிதாங்கூருக்கு மெல்லும் புகையிலையை ஏற்றுமதி செய்த இடங்களில் முக்கியமானது நமது யாழ்ப்பாணம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

ஆயிரம் வாய்கள்

கானோல்கர் இந்த முன்னோடிகளின் பாதையில் இன்னும் ஒழுங்காகச் சென்றார். 1944இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, தொடர்ச்சியாக வந்த 1000 வாய்ப் புற்றுநோயாளரைப் பற்றியது. தொடர்ச்சியாக என்ற சொல் முக்கியமானது. விந்தையான நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதினால் உண்மை கோணலாகிவிடும். வந்த ஒழுங்கில் எல்லோரையும் எடுத்தால்தான் எது அதிகம், எது குறைவு, எந்த இடத்தில் வருகிறது என்பது சரியாகத் தெரியும்.

நோய் எது என்று அறிவதோடு அவர் நிற்கவில்லை. நோயாளி எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், எதை மெல்லுகிறார், எதைப் புகைக்கிறார் என்பதையெல்லாம் நோய் வந்த இடத்துடன் ஒப்பிட்டார். நாக்கு, கன்னம், ஈறு, உதடு, அண்ணம் என்று வாயின் ஒவ்வொரு மூலையும் ஒரு பழக்கத்தின் கதையைச் சொன்னது.

அடுத்த ஆண்டு, 1945இல், சூர்யபாய் என்பவருடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் பழக்கவழக்கத்தால் வரும் மூன்று புதிய வகைப் புற்றுநோய்களைப் பற்றியது அது. அவற்றுள் இரண்டு வாய்க்குரியவை.

முதலாவது அண்ணத்தில் வருவது. ஆந்திரக் கரையோரத்தில், குறிப்பாகப் பெண்களிடையே, சுருட்டின் எரியும் நுனியை வாய்க்குள்ளே வைத்துப் புகைக்கும் வழக்கம் இருந்தது. கடற்காற்றில் நெருப்பு அணையாது. அந்தச் சூடும் புகையும் வாயின் கூரையைத் தாக்கின. வேறு நாடுகளில் அரிதாகவே காணப்படும் மேல் அண்ணப் புற்றுநோய் அந்தப் பெண்களுக்கு வந்தது. இரண்டாவது கீழ் உதட்டில் வருவது. பீகார் பக்கத்து மக்கள் புகையிலையைச் சுண்ணாம்புடன் உள்ளங்கையில் கசக்கிக் கீழ் உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே அடக்கி வைப்பார்கள். அதற்குக் கைனி என்று பெயர். அடக்கி வைத்த இடத்திலேயே நோய் தோன்றியது. மூன்றாவது வாயில் வருவதல்ல. இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டிய தடத்தில் தோலில் வருவது.

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கும் நம்மவர்களுக்கோ கன்னத்தின் உட்புறத்திலும் அதை ஒட்டிய ஈற்றிலும் வருகிறது. சிலர் இரவில் அதை வாயில் வைத்தபடியே உறங்கிவிடுவார்கள். எந்தப் பக்கம் ஒதுக்குகிறாரோ பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் தழும்பும் தோன்றும்.

இந்தக் கண்டுபிடிப்பில் உள்ள செய்தியைச் சிந்தித்துப் பாருங்கள். சாதாரண மக்கள் புற்றுநோயைத் தலைவிதி என்றும், கண்ணூறு என்றும், பரம்பரைச் சாபம் என்றும் சொல்லி ஒடுங்கிவிடுகிறார்கள். விதியாலோ சாபத்தாலோ வருவதானால் அது ஏன் சுருட்டுப் புகைப்பவருக்கு அண்ணத்திலும், கைனி வைப்பவருக்கு உதட்டிலும், வெற்றிலை ஒதுக்குபவருக்குக் கன்னத்திலும் வர வேண்டும்? மனிதரின் கை வைத்த இடத்தில் வருகிற நோயை மனிதரின் கையால் தடுக்கவும் முடியும். கானோல்கர் தமது வாழ்நாளில் நிறுவிய மிகப் பெரிய உண்மை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950இல் இங்கிலாந்தில் டோல், ஹில் என்ற இருவர் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிபரங்களால் காட்டினர். 1955இல் சங்வி, ராவ் ஆகியோருடன் கானோல்கர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புகையிலையை மெல்வதும் புகைப்பதும் வாய், தொண்டைப் புற்றுநோய்களுடன் எவ்விதம் தொடர்புபடுகின்றன என்பதை, நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு அது ஆராய்ந்தது. நோயியலாளரின் கண்ணும் கணிதரின் கணக்கும் அதில் ஒன்று சேர்ந்தன.

வாயில் தோன்றுவதெல்லாம் புற்றல்ல

இதுவரை வாசித்தவர்கள் பயந்துபோயிருக்கலாம். பயப்படத் தேவையில்லை. வாயிலிருந்து எடுக்கப்படும் துண்டுகளில் பல, ஆபத்தில்லாத நோய்களையே காட்டுகின்றன. கூரான பல்லோ பொருந்தாத பல்செட்டோ உரசி உரசி வளர்ந்த சதை, கீழ் உதட்டைக் கடித்ததால் உமிழ்நீர் தேங்கி வரும் நீர்க்கொப்புளம், கர்ப்ப காலத்தில் ஈற்றில் வரும் சிவந்த கட்டி ஆகியவை அவ்வகையின. வெள்ளைக் கோடுகள் வலைபோலப் பின்னியிருக்கும் ஒரு வகைத் தோல் நோயும் வாயில் வருவதுண்டு. அதற்குத் தொடர்ந்த கண்காணிப்புத் தேவை.

அடுத்த வகை, புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கூடியவை. துடைத்தால் போகாத வெள்ளைத் தழும்பு ஒன்று. வெல்வெட் துணி போன்ற சிவப்புத் தழும்பு மற்றொன்று. இரண்டில் சிவப்பே கூடுதல் ஆபத்தானது. வெள்ளைத் தழும்புகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. எது மாறும், எது மாறாது என்பதை ஊகிக்க உதவுவது மேலே சொன்ன கல வரிசையின் குழப்பந்தான்.

திறக்க மறுக்கும் வாய்

முன்னோடி நோய்களில் மூன்றாவது ஒன்று உண்டு. கானோல்கரின் வாழ்க்கையில் அதற்குத் தனி இடம் உண்டு. காரமான சாப்பாடு வாயில் பட்டால் தாங்க முடியாத எரிவு வரும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்து நார் நாராக இறுகும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமல் போகும். 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் ஷுவார்ட்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதினார். மறு ஆண்டு பம்பாயில் ஜோஷி என்ற வைத்தியர் இதே நோயை விவரித்தார். தமிழில் இதை வாயின் அடித்தோல் நார்த்தடிப்பு எனலாம்.

இதற்குக் காரணம் என்ன? எரிவு இருப்பதால் மிளகாயாக இருக்குமோ என்று கானோல்கர் ஐயுற்றார். சத்தியவதி சிர்சாட் என்ற இளம் பெண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, சத்துக் குறைந்த உணவு கொடுத்த எலிகளின் அண்ணத்தில் மிளகாயின் காரப்பொருளைப் பூசிப் பரிசோதித்தார். 1960இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. பின்வந்த ஆராய்ச்சிகள் வேறு பக்கம் காட்டின. இந்த நோயின் பிரதான காரணம் பாக்கு. அதிலுள்ள அரிகோலின் முதலிய பொருட்கள் நாரிழையங்களை அளவுக்கு மீறி வளரச் செய்கின்றன. மிளகாய் எரிவைக் கூட்டுகிறதே தவிர நோயைத் தொடக்கி வைப்பதில்லை.

பெரிய விஞ்ஞானியின் ஊகமும் பிழைக்கலாம். பரிசோதித்து, எழுதி, பிறர் திருத்துவதற்கு இடம் விட்டுப் போனதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2003இல் முடிவு செய்தது. புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் சமாதானம் அத்துடன் முடிந்துவிட்டது.

மாணவிகளுக்குத் திறந்த கதவு

பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் கானோல்கரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. விஞ்ஞானம் ஆண்களின் தொழில் என்றிருந்த காலத்தில் அவரது ஆய்வுகூடத்தில் பெண்கள் ஆராய்ச்சி செய்தார்கள்.

பூனாவில் 1917இல் பிறந்த கமல் ரணதிவே அவர்களுள் ஒருவர். மகள் வைத்தியராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகளுக்கோ உயிரியலில்தான் நாட்டம். கானோல்கரின் வழிகாட்டலில் ஆராய்ந்து 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, உடலுக்கு வெளியே கலங்களை வளர்க்கும் முறையைக் கற்று வந்து, இந்தியாவில் அதற்கான ஆய்வுகூடத்தை அமைத்தார். 1973இல் வேறு சிலருடன் சேர்ந்து இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கினார். சத்தியவதி சிர்சாட், இலத்திரன் நுணுக்குக்காட்டியால் புற்றுநோய்க் கலங்களை ஆராய்வதில் இந்தியாவின் முன்னோடியானார். ஓர் ஆசிரியர் கதவைத் திறந்து வைத்தால் எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதற்கு இவர்கள் சாட்சி.

1952இல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பரேலில் அமைந்தபோது அதன் முதற் பணிப்பாளராகக் கானோல்கர் பொறுப்பேற்றார். தொழுநோய் பற்றியும், பம்பாயின் வெவ்வேறு சமூகத்தவரின் இரத்த வகைகள் பற்றியும் அங்கே ஆராய்ச்சிகள் நடந்தன. சர்வதேசப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். 1960 முதல் 1963 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகப் பணியாற்றினார். இந்திய அரசு பத்மபூஷண் விருதும் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற சிறப்பும் வழங்கியது. இந்திய நோயியலின் தந்தை என்று இன்றும் அவரை அழைக்கிறார்கள். 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, 83ஆவது வயதில், அவர் காலமானார்.

நமது மலைகளில்

அவர் மறைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். 1980களில் இங்குள்ள ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, வீடு வீடாகச் சென்று வாயைப் பார்க்கச் செய்தபோது, ஆரம்ப நிலையிலுள்ள நோய்களை அவர்களாலும் கண்டுபிடிக்க முடியும் என்பது தெரியவந்தது. புகையிலை கலந்து பொதிகளில் வரும் மெல்லும் பொருட்களுக்கு 2016இல் அரசு தடை விதித்தது. ஆனால் வீட்டுத் தட்டத்தில் இருக்கும் வெற்றிலையை எந்தச் சட்டம் வந்து எடுக்கப் போகிறது? அது வீட்டிலுள்ளவர்களின் வேலை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நான் வாசித்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி, வரப்பின் படத்தையும் வரைந்து, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் விளக்கினேன். துண்டு எடுப்பதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், எடுக்காமல் காலம் கடத்துவதால்தான் நோய் வரப்பைத் தாண்டுகிறது என்றும் சொன்னேன். சாச்சி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மறு வாரம் வாப்பா உம்மும்மாவை வத்தேகம, கண்டி வழியாகப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். விறைப்பூசி போட்டதும் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்த உம்மும்மா சொன்னார். பஸ்ஸில் மலையேறி வந்த களைப்புத்தான் அதிகமாம்.

முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியான நித்திரை இல்லை. வெள்ளைத் தழும்பில் கலங்களின் வரிசை சற்றுக் குலைந்திருந்தது. வரப்பு உடையவில்லை. புற்றுநோய் இல்லை. வெற்றிலையை நிறுத்த வேண்டும், குறித்த தவணைகளில் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். நிறுத்துவது உம்மும்மாவுக்கு இலேசாக இருக்கவில்லை. கை தானாகவே தட்டத்தைத் தேடியது. இப்போது அந்தத் தட்டத்தில் ஏலமும் கராம்பும் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கும் அதைத்தான் நீட்டுகிறார்.

சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு டோர்ச் லைட்டை எடுத்து உங்கள் உம்மும்மா, வாப்பும்மா, அப்பாமாரின் வாயைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை, சிவப்புத் தழும்பு, கட்டி, சாப்பிடும்போது எரிவு, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடியாதபடி குறுகிய வாய் – இவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அங்கே பணம் தேவையில்லை. பெற்றோர்களே, பிள்ளை வந்து வாயைத் திறக்கச் சொன்னால் கோபிக்காமல் திறந்து காட்டுங்கள். துண்டு எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் நாளைக் கடத்தாதீர்கள்.